டிஷ்ஷைப் பார்த்து அமுக்குகிறவர்

ஏழு மணி ஆனால் நாகராசு அண்ணன் ரிமோட்டோடு வாசலுக்கு வந்துவிடுவார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாடியில் இருக்கிற டிஷ்ஷை நோக்கிக் கையை நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கி அமுக்குவார். டிவியும் அதன் பெட்டியும் வீட்டுக்குள்ளே அல்லவா இருக்கின்றன? இருக்கட்டுமே.

ஆலங்குடிப் பக்கம் முந்திரிக்காடு வைத்திருக்கிறவர். டிஷ் மாட்ட வந்த ஆள் மேலே நின்று அதைத் திருப்பித் திருப்பி, "வந்துருச்சா?" என்று கத்தியது அவர் மனதில் பதிந்துவிட்டது. "படம் எங்கிட்டு இருந்து வருது? மேல இருந்து. அப்ப அங்கதானப்பா அமுக்கணும்?" என்பார். எதிர்வீட்டுக்காரன் நான் தினமும் இதைப் பார்க்கிறேன்.

உண்மையில் சேனலை மாற்றுவது அவர் மனைவி மல்லிகா மதினி. பெட்டியில் இருக்கிற பட்டனை அமுக்கிவிட்டு, "வந்துருச்சுங்க!" என்று உள்ளிருந்து குரல் கொடுப்பார். ஏழிலிருந்து ஏழரை வரை மட்டும் எதுவும் வராது. அது மதினியின் சீரியல் நேரம். பகல் முழுக்க முந்திரிக்கொட்டை உடைக்கிற மனுஷி கால் நீட்டி உட்காருவது அப்போதுதான். "இங்கிட்டுத் தள்ளி நில்லுங்க... ம்ஹூம், வரலை. அங்கிட்டுப் போங்க." அண்ணன் முருங்கை மரம் வரை போவார். மழை என்றால் குடையோடு போவார். சீரியல் அழுகை தெருக்கோடி வரை கேட்கும். அண்ணன் காதில் மட்டும் விழாது.

போன சனிக்கிழமை ஏழு மணிக்குக் கபடி ஃபைனல். அண்ணன் பழைய கபடிக்காரர், அதில் இறங்கிப்போன தோள்பட்டை இன்னும் நிமிரவில்லை. ஒரு வாரமாக அதே பேச்சுதான். சீரியலிலோ அன்றைக்குக் கல்யாணம். ஏழே கால் ஆகியும் மதினி "வரலைங்க" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம் இந்த மனுஷன்! ரோட்டைத் தாண்டிப் போய்ப் போட்டு உடைத்துவிட்டேன்.

"அண்ணே, உள்ள போயி பெட்டியப் பாத்து அமுக்குங்க. மதினி ஒங்கள ஏமாத்துது."

அண்ணன் வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு ரிமோட்டின் பின்மூடியைத் தள்ளிக் காட்டினார். உள்ளே பேட்டரியே இல்லை.

"பொங்கலுக்கே கழட்டிக் கடியாரத்துல போட்டுட்டேன்ப்பா. சத்தம் போடாத. தாலி கட்டி முடியட்டும்."

"இன்னும் கொஞ்சம் அங்கிட்டுங்க!" என்று மதினி உள்ளிருந்து கத்தினார்.

அண்ணன் மூடியைப் போட்டார். இரண்டடி நகர்ந்து, கையை உயர்த்தி, டிஷ்ஷைக் குறிபார்த்து அமுக்கினார்.