மூன்றே நாளில் தெளிந்த முகம்

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கும் சின்னக் கடை அவருடையது. "தாடையக் கொஞ்சம் தூக்குங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அதுவே தெருவில் அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. தன் கண்ணின் மேல் அவருக்கு அசாத்திய நம்பிக்கை. முகத்தைப் பார்த்தே ஆள் நேற்று தூங்கினானா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

அவருடைய ஒரே மகளுக்குப் பதினேழு வயதில் பரு வந்தது. முதலில் நெற்றியில் பொரிப்பொரியாக, பிறகு தாடையோரம் முழுக்கத் தொட்டாலே வலிக்கிற கட்டிகளாக. வகுப்பில் தானாகவே கடைசி பெஞ்சுக்குப் போனாள். வீட்டுக்கு யாராவது வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாள்.

"இந்த வயசுல வர்றதுதான், தானா போயிடும். நோண்டாம இருந்தா போதும்" என்றாள் அம்மா.

அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. தெருக்கோடி மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு ட்யூபை எடுத்து வைத்தார். "மெல்லிசா தடவச் சொல்லுங்க. உடனே ஒண்ணும் தெரியாது சார், பொறுமை வேணும்."

பொறுமையை அவர் காதில் வாங்கவில்லை. ஆனால் ஏமாறக்கூடாது என்பதில் கவனமாக இருந்தார். ஞாயிறுதோறும் மகளைக் கடைக்குக் கூட்டிப்போய், அதே நாற்காலியில், அதே விளக்கின் கீழ் உட்காரவைத்துப் படம் எடுத்தார். "காசு கொடுத்து வாங்குறோம். வேலை செய்யுதா இல்லையான்னு படம் சொல்லட்டும்."

சீக்கிரம் குணமாகட்டும் என்று காலையும் மாலையும் அப்பிக்கொள்ளச் சொன்னார். இரண்டாவது ஞாயிறு எடுத்த படத்தில் கன்னம் சிவந்து, தோல் உரிந்து, முன்னைவிட மோசமாக இருந்தது. தலையணை உறையில் அங்கங்கே சாயம் வெளுத்துப்போயிருந்ததை அம்மா விரித்துக் காட்டினாள். "துணியையே இந்தப் பாடு படுத்துது. தோல விட்டுவைக்குமா?"

அவர் ட்யூபைக் குப்பையில் போட்டார்.

அடுத்த களிம்பைச் சொன்னது, விசேஷ வீடுகளில் அவர் படமெடுக்கப் போகும்போது மேக்கப் போட வரும் பெண். பேரைச் சொன்னதும் மருந்துக்கடைக்காரர் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். "இதுதான் சார் இப்போ நல்லா போகுது."

மூன்றே நாளில் முகம் தெளிந்துவிட்டது. கட்டிகள் அமுங்கின, நிறம்கூட ஒரு மாற்றுக் கூடினாற்போல் இருந்தது. அந்த ஞாயிறு படத்தில் மகள் பல் தெரியச் சிரித்தாள். முன்பு, பின்பு என்று இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "விளம்பரத்த நம்பாதீங்க, இதப் பாருங்க." பக்கத்துத் தையல் கடைப் பெண் உட்படப் பலர் களிம்பின் பேரைக் குறித்துக்கொண்டு போனார்கள்.

சில மாதம் கழித்து மகள் சொல்ல ஆரம்பித்தாள். "அப்பா, வெயில்ல போனா எரியுதுப்பா."

"மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா."

பரீட்சை முடிந்து சித்தி வீட்டுக்குப் போனபோது களிம்பை மறந்துவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது துப்பட்டாவால் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றியிருந்தாள். பிரித்துப் பார்த்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் முழுக்கச் செக்கச்செவேலென்று சீழ்க்கொப்புளம். களிம்பைத் தடவினால் அடங்கியது, நிறுத்தினால் பொங்கியது. அதன்பிறகுதான் தோல் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் அம்மாள் ட்யூபைத் திருப்பிப் பார்த்தார். "இதுல ஸ்டீராய்டு இருக்கு. சீட்டு இல்லாம கொடுக்கவே கூடாது. இது பருவைக் குணமாக்கல, அமுக்கித்தான் வச்சிருந்துச்சு. தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் தெரியுது பாருங்க."

அப்பா போனை எடுத்து, ஞாயிறுதோறும் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். முதல் ட்யூப் போட்டபோது எடுத்த படத்தில் டாக்டர் நிறுத்தினார். அது என்ன மருந்து என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "அது தப்பான மருந்து இல்லையே. கொஞ்சமா, ஒருநாள் விட்டு ஒருநாள்னு ஆரம்பிச்சு, ரெண்டு மூணு மாசமாவது பாத்திருக்கணும். இந்த அளவு கட்டிக்கு அது மட்டும் போதாதுதான். அப்பவே இங்க வந்திருக்கலாம்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே பேசினாள். "நீங்க படத்தத்தான் பாத்தீங்க. எரியுதுன்னு எத்தன தடவ சொன்னேன்."

இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப்போனதும் அவருக்குத் தெரியவில்லை.

களிம்பை விட்டபிறகு வந்த மாதங்கள்தான் கொடுமை. முகம் கசிந்தது, அரித்தது. கல்லூரி நேர்முகத்துக்கு அவள் போகவில்லை. அம்மா ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்தாள். அவர் தையல் கடைக்குப் போய், "அந்தக் களிம்ப விட்டுடும்மா, நான் சொன்னது தப்பு" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். "எனக்கு நல்லாத்தான் இருக்கு சார். இப்போ போய் நிறுத்தச் சொல்றீங்களே." மறுபடியும் இரண்டு முறை போனார். மூன்றாவது முறை அவரைப் பார்த்ததும் அவள் தையல் மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

சிவப்பு அடங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. தாடையில் குழிகள் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. மகள் ஒரு பார்சல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜன்னல் இல்லாத இடம், வெயில் படாது, அதனால் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாளாம். அப்பாவிடம் வேலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஒருநாள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "இப்போ எரியுதாம்மா?"

"இல்ல."

அவள் குழம்பை ஊற்றிக்கொண்டாள்.