டச்சுக்காரனின் லீவு விண்ணப்பம்

பதினோரு வருஷமாக ஆபீஸில் என்னை எல்லோரும் என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதனால் வந்த வினை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரை அதில் போட்டுவிட்டார் ஏஜென்ட். வந்து இறங்கிய அன்றைக்கே அது என்னோடு ஒட்டிக்கொண்டது. முதல் ஒரு மாதம் திருத்திப் பார்த்தேன். அப்புறம் போங்கடா என்று விட்டுவிட்டேன். யாராவது அப்பா பெயரைச் சொல்லிக் கத்தினால் "யெஸ்" என்று எழுந்து நிற்பேன். காலை ஐந்தரைக்கு அஜ்மானில் வேன் ஏறி, ஷார்ஜா தொழில்பேட்டை டிராஃபிக்கில் கழுத்து சாய்ந்து தூங்கி, இரும்புத்தூசி பறக்கும் கம்பெனியில் போய் உட்காருகிறவனுக்குப் பெயர் எதுவாக இருந்தால் என்ன?

என் வேலை டாக்குமென்ட் கன்ட்ரோலர். கம்பெனியின் டிராயிங்குகளுக்கு நம்பர் போட்டு, பழையது எது புதியது எது என்று பிரித்து வைத்து, மற்றவர்கள் தொலைத்ததைத் தேடிக் கொடுக்க வேண்டும். என் மேனேஜர் அமெரிக்காக்காரர். அறுபதைத் தாண்டியவர், அடுத்த வருஷம் ஓய்வு. நல்ல மனுஷர்தான். கத்த மாட்டார். கையெழுத்தும் போட மாட்டார். அவர் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் டிரே இருக்கிறது. அதற்குள் போன காகிதம் திரும்பி வருவது அவரவர் தலையெழுத்து.

அந்த டிரேயில் என் லீவு ஃபார்ம் கிடந்தது. அப்பாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. முதலில் சாவி வைத்த இடம், அப்புறம் தெரு, அப்புறம் ஆட்கள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊரிலிருந்து என் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, மாமா இன்னைக்கு என்னையே யாரும்மா நீன்னு கேட்டுட்டாங்க. உங்க பேரு ஒண்ணுதான் இன்னும் சொல்றாங்க. அவன் எப்ப வருவான், எப்ப வருவான்னு ஒரே தொணதொணப்பு. அதுவும் போறதுக்குள்ள வந்துட்டுப் போயிடுங்க."

அன்றைக்கே ஃபார்ம் எழுதிக் கொடுத்தேன். ஹேண்டோவர் முடியட்டும் என்றார் மேனேஜர். புராஜெக்ட்டின் டிராயிங் எல்லாவற்றையும் கிளையன்ட்டிடம் ஒப்படைக்கிற வேலை அது. அந்தத் தேதி மூன்று தடவை தள்ளிப்போனது. ஒவ்வொரு தடவையும் ஃபார்மின் மேல் வேறு காகிதங்கள் ஏறின.

இந்த லட்சணத்தில் ஒரு நாள் என்னைக் கேபினுக்குள் கூப்பிட்டு, "நீதான் எதையும் தேடிக் கண்டுபிடிக்கிறவனாயிற்றே, எனக்கு ஒரு ஆளைத் தேடித் தர முடியுமா?" என்றார். அவருடைய முன்னோர் ஒருவர் ஹாலந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போனவராம். நியூயார்க் டச்சுக்காரர்கள் கையில் இருந்த காலம். அங்கே பிறந்த மகன் வரைக்கும் குடும்பத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மகனுடைய அப்பன்தான் கப்பலில் வந்தவர். ஆனால் அந்தக் குடும்பப் பெயரில் எந்தக் கப்பல் பட்டியலிலும் ஆள் இல்லை. மேனேஜரும் அவர் அக்காவும் பல வருஷமாகத் தேடி அலுத்துவிட்டார்கள். ஓய்வு பெற்றுப் போகும்போது அக்காவுக்கு அந்தப் பெயரையாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார்.

என் அப்பனைப் பார்க்க லீவு இல்லை. இவர் பாட்டனுக்குப் பாட்டனைத் தேட ஆபீஸ் நேரம் இருக்கிறது. சரி சார் என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்தக் காலத்து டச்சுப் பதிவேடுகளை இங்கிலீஷில் மொழிபெயர்த்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். டீ குடிக்கிற நேரம், பிரிண்டர் கக்குகிற நேரம் என்று இரண்டு வாரம் பார்த்தேன். கண் பூத்துப்போனதுதான் மிச்சம். பிறகு ஒரு தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்த மகன் அகப்பட்டான். அதே ஊர், அதே அம்மா. அப்பனுக்கு மட்டும் வேறு இரண்டாம் பெயர். ஆள் மாறிவிட்டது என்று மேனேஜரும் அக்காவும் தாண்டிப்போன பக்கம் அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பனின் சொந்தப் பெயர்தான் மகனுக்கு இரண்டாம் பெயர்! அப்பனுக்கு அவனுடைய அப்பன் பெயர். அட, நம்ம ஊர் இனிஷியல்! அந்த மகனுக்குப் பிறகு வந்தவர்கள் இந்த வழக்கத்தை நிறுத்தி, அவனுடைய இரண்டாம் பெயரையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள்.

மேனேஜர் நம்பவில்லை. ஒரே குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு பெயர் எப்படி இருக்கும் என்று கேட்டார். என் பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்தேன். போனில் இருந்த அப்பாவின் ஆதார் படத்தையும் என் மகனுடைய பாஸ்போர்ட் படத்தையும் காட்டினேன். மூன்று தலைமுறை, மூன்று கடைசிப் பெயர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அப்படியானால் நாங்கள் கூப்பிடுவது?"

"என் அப்பா பெயர் சார்."

பாவம், முகம் சிவந்துவிட்டது. என் பெயரைக் கேட்டு நாலு தடவை சொல்லிப் பார்த்தார். நாலு விதமாக வந்தது. மறுநாள் காலையில் பழையபடி அப்பா பெயரையே சொல்லிக் கூப்பிட்டார். நானும் யெஸ் என்று போய் நின்றேன்.

சரியான பெயர் கிடைத்ததும் மற்றதெல்லாம் மளமளவென்று வந்தது. மேனேஜர் எதிர்பார்த்தது காட்டை வெட்டி ஊரை உண்டாக்கிய ஒரு வீரனை. கிடைத்தவன் ஒப்பந்தக் கூலி. ஒரு நிலச் சொந்தக்காரருக்கு ஆறு வருஷம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறியவன். அந்த ஆறு வருஷமும் முதலாளி அனுமதி இல்லாமல் வேறு இடத்துக்கு வேலைக்குப் போகக்கூடாது, ஊருக்கும் திரும்பக்கூடாது. இங்கே விசா கொடுத்த முதலாளியைச் சொல்கிற கஃபீல் என்ற வார்த்தை மட்டும்தான் அதில் இல்லை. எனக்கு அந்த ஆளை ரொம்ப நாள் பழக்கம் மாதிரி இருந்தது. நம்ம லேபர் கேம்ப் ஆள் அவன்.

கடைசியாகக் கிடைத்தது ஊர் நீதிமன்றப் பதிவேட்டில் இரண்டு வரி. தகப்பன் இறந்துபோன செய்தி கடிதத்தில் வந்திருக்கிறது, ஒருமுறை ஊருக்குப் போய்வர அனுமதி வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அடுத்த அமர்வில் பார்க்கலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். அடுத்த அமர்வில் அவன் பெயரே இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேனேஜர் நின்றபடியே படித்தார்.

"போனானா இல்லையா?"

"தெரியவில்லை சார்."

"அப்பா இறந்ததற்குக்கூடவா விடவில்லை? அடுத்த அமர்வாம்! என்ன மனிதர்கள் இவர்கள்!"

அச்செடுத்த தாளை அந்த டிரேயின் மேல் பத்திரமாக வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! பதினோரு வருஷத்தில் அந்தக் கேபினுக்குள் குரலை உயர்த்தியவன் இல்லை நான்.

"சார், அதற்குக் கீழே என் ஃபார்ம் இருக்கிறது. நாற்பது நாளாக இருக்கிறது. அவன் அப்பா செத்தபிறகு கேட்டான். என் அப்பா உயிரோடு இருக்கிறார். அதனால்தான் இப்போதே கேட்கிறேன்."

என் இங்கிலீஷ் எனக்கே கேட்க நடுக்கமாக இருந்தது. அவர் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, என் ஃபார்மைக் கண்டுபிடித்து, உட்காராமலே கையெழுத்துப் போட்டார். கேட்டது முப்பது நாள். பதினைந்து என்று எழுதிவிட்டு, ஹேண்டோவர் இருக்கிறதே என்றார். போதும்டா சாமி என்று வாங்கிக்கொண்டு வந்தேன். வெளியே வந்து டிக்கெட் போட்டு, மனைவிக்குப் போன் செய்தேன்.

"டிக்கெட் போட்டாச்சு. வியாழக்கிழமை வந்துடுவேன். அப்பாகிட்ட சொல்லு."

"வாங்க" என்றாள். "ஆனா இப்ப ஒரு வாரமா உங்களையும் கேக்கறதில்லைங்க."

வியாழக்கிழமை காலை வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா முகச்சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். வீட்டுக்கு வரும் பெரிய மனிதர்களுக்கு அவர் எழுந்து நிற்பது வழக்கம். "உக்காருங்கப்பா" என்றேன். "பரவாயில்லைங்க, நீங்க உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். பயணம் சௌகரியமா, சாப்பிட்டீர்களா என்று முறையாக விசாரித்தார். என் பெயரைச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். நல்லது நல்லது என்று தலையாட்டினார்.

மனைவி காபி போட உள்ளே போயிருந்தாள். வாசலில் கேஸ் சிலிண்டர் இறக்குகிற சத்தம் கேட்டது. கனெக்‌ஷன் அப்பா பெயரில்தான். சிலிண்டர்காரர் ரசீதைப் பார்த்து அப்பாவின் பெயரை உரக்கப் படித்தார்.

அப்பா அசையவில்லை. யாருடைய பெயரோ என்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யெஸ்" என்று நான் எழுந்துவிட்டேன்.

அப்பா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அது உங்க பேருங்களா?" என்றார். "நல்ல பேரா இருக்கே."

"ஆமாங்க" என்றேன். "எங்க அப்பா குடுத்தது."