இரண்டாம் நாள், மாலை நான்கு முதல் ஆறு வரை

அலுவலகத்தில் அவரைத் 'தீவு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். தீவுக்குப் போகிறவர்களுக்கு மூன்று இரவு, நான்கு பகல் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. இருபத்தோரு வருடமாக அதே வேலை, அதே சன்னலோர மேசை, அதே தீவு. படகில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது, விடுதியில் எந்த அறைக்கு வெந்நீர் ஒழுங்காக வரும், உள்ளூர்ப் பழமதுவை எந்தக் கடைக்காரன் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தத் தீவில் அவர் ஒரு முறைகூடக் கால் வைத்ததில்லை.

இதில் மர்மம் ஒன்றும் கிடையாது. மனிதருக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. கல்யாணமான ஒன்பதாவது நாள் பூங்காக் குளத்தில் மனைவியோடு மிதிபடகில் ஏறினார். பாதிக் குளம் தாண்டுவதற்குள் காலையில் சாப்பிட்டது அத்தனையையும் குளத்துக்கே கொடுத்துவிட்டார். மனைவியின் அண்ணன் கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் அவரே ஓடிப்போய் உப்புப் போட்ட எலுமிச்சை சோடா மூன்று வாங்கிவந்து, "குடிங்க மாப்பிள்ளை, நானே மாசக்கணக்கா தண்ணியில கிடக்கிறவன், எனக்கும் ஆரம்பத்துல இப்படித்தான்" என்றார். அந்த மச்சான் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பலில் எல்லாரும் குடிக்க, இவர் மட்டும் சோடாவோடு உட்கார்ந்திருப்பாராம்.

அந்த மச்சானின் கப்பல்தான் பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் புயலில் மாட்டிக்கொண்டது. கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அதில் இறந்துவிட்டார் என்று எழுதவில்லை, காணவில்லை என்று எழுதியிருந்தார்கள். எவன் எழுதினானோ, அந்த ஒரு வார்த்தையால் ஒரு குடும்பத்தையே நடுவாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டான். அழுது முடிக்கவும் வழியில்லை, காத்திருந்து முடிக்கவும் வழியில்லை.

மனைவி அழவில்லை. வீட்டு போனை மட்டும் விடவில்லை. வீடு மாறியபோதும் அதே எண்ணைக் கேட்டு, நடையாய் நடந்து வாங்கினாள். அண்ணனுக்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான். ஊரே கைபேசிக்கு மாறிய பிறகும் கூடத்து மூலையில் அந்த போன் உட்கார்ந்திருந்தது. கடன் வேண்டுமா என்று கேட்பவர்களும், ராங் நம்பர்காரர்களும்தான் அதில் பேசினார்கள். அண்ணன் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அவங்க' என்றால் அவர்தான்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு எண்பது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். கேட்ட கேள்விக்குப் பதில், அதற்கு மேல் ஒரு சொல் வராது. அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தன் கணவர் அலுவலகத்தின் விளம்பரத்தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தாள். நாலு நாள் லீவு சொல்லிவிட்டதாகவும் தீவுக்குப் போகவேண்டும் என்றும் சொன்னாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்துநாலு வருடத்தில் அவள் தானாக எங்கேயும் போகலாம் என்று கேட்டதில்லை. வாந்தி மாத்திரை ஒரு அட்டை வாங்கிவிடலாம், ஆனது ஆகட்டும் என்று முடிவு கட்டினார். பழக்க தோஷம், வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார். கடலைப் பார்த்த அறையா, தோட்டத்தைப் பார்த்த அறையா? எதுவாக இருந்தாலும் சரி. சந்தையா, நடைப்பயணமா? எதுவாக இருந்தாலும் சரி. பிறகு அவள் விளம்பரத்தாளில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இது மட்டும் இருந்தாப் போதும்."

இரண்டாம் நாள், மாலை நான்கு முதல் ஆறு வரை. உள்ளூர்க் கலாசாரம். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்குத் தீவு மக்கள் செய்யும் மரியாதை. இரண்டு கைகளாலும் மண்கோப்பையை வாங்கி, அவர்கள் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லி, முதல் மடக்கைக் கரை மணலில் ஊற்ற வேண்டும். மீதியை நாம் குடிக்க வேண்டும்.

"அண்ணனுக்கு ஊத்தணும். ஊத்திட்டு வந்து அந்த போனைக் கழட்டிடலாம்னு இருக்கேன்."

அந்த மரியாதையைத் தீவு மக்கள் கண்டுபிடிக்கவில்லை. அவர் கண்டுபிடித்தார்.

நடந்தது இதுதான். முன்னொரு சமயம் மாலைப் படகு நேரத்தை மாற்றிவிட்டார்கள். இரண்டாம் நாள் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை பயணிகளுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போனது. ஓய்வெடுக்கத்தான் தீவுக்குப் போகிறார்கள் என்று பெயர், இரண்டு மணி நேரம் சும்மா உட்காரச் சொன்னால் புகார் எழுதுகிறார்கள். கலாசாரம் எங்கே என்று கேட்கிறார்கள். அந்தக் கலாசாரமும் இருட்டுவதற்குள் முடிய வேண்டும், உட்கார நாற்காலி வேண்டும், கையில் குடிக்க ஏதாவது வேண்டும். மத்தியானத்துக்குள் அந்த ஓட்டையை அடை, தாள் அச்சுக்குப் போகவேண்டும் என்றார் முதலாளி. அவர் அடைத்தார்.

தாள் கைக்குக் கிடைத்ததும் தீவு விடுதிக்காரர் போன் செய்து, இப்படி ஒரு பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாதே என்று பதறினார். இனிமேல் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த வாரம் பதினாலு பேர் வருகிறார்கள் என்று இவர் போனை வைத்துவிட்டார். விடுதிக்காரர் இரண்டு டஜன் மண்கோப்பை வாங்கி, ஊற்றிக் கொடுக்கத் தன் அக்காவை உட்காரவைத்தார். அந்த அக்கா லேசுப்பட்டவர் இல்லை. இரண்டாம் வருடமே இது தன் முப்பாட்டன் காலத்து வழக்கம் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். பெயர்களை முதல் நாளே கேட்டு வாங்கி, ஒரு கறுப்பு நோட்டில் எழுதும் முறையையும் சேர்த்தார். பக்கத்துத் தெருக்காரர்களும் செய்ய ஆரம்பித்தார்கள். ஒரு பேராசிரியர் வந்து படமெல்லாம் எடுத்துக்கொண்டு போனார். போன வருடம் விடுதிக்காரர் இவரிடமே, மேற்குப் பார்த்து ஊற்றினால்தான் சேரும், உங்களுக்கெல்லாம் இது எங்கே தெரியப்போகிறது என்று சொன்னார். இவரும் அப்படியா என்று கேட்டுக்கொண்டார்.

ஊரார் காதில் பூ சுற்றியதில் அவருக்கு இதுவரை உறுத்தல் வந்ததில்லை. இப்போது வந்தது. பத்தொன்பது வருடமாக இறக்கி வைக்காத சுமையை இறக்கி வைக்க அவள் ஓர் இடம் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த இடம் ஒரு பகல் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் கட்டிவிட்ட கதை. ஊற்றிவிட்டு வந்து போனையும் கழற்றிவிட்ட பிறகு யார் மூலமாவது அவளுக்குத் தெரிந்தால்?

சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் அவர் சொல்கிற ஆள் இல்லை, திட்டம் போடுகிற ஆள். புதன்கிழமை ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதில் இரண்டாம் நாள் நாலு மணிக்குச் சந்தை இருந்தது. அவள் படித்துவிட்டு, விளம்பரத்தாளில் அதே இடத்தில் விரலை வைத்தாள். வெள்ளிக்கிழமைத் திட்டத்தில் மூன்று வகை உள்ளூர் மதுவை ருசிபார்க்கும் நிகழ்ச்சி இருந்தது. கணவன் மனைவி இருவருமே குடிக்காதவர்கள். விரல் அதே இடத்துக்கு வந்தது. சனிக்கிழமை, கண்ணாடித் தரை போட்ட படகில் ஏறிக் கடலடியை இரண்டு மணி நேரம் பார்ப்பது என்று எழுதியிருந்தார். மிதிபடகிலேயே பிழைக்காத மனிதர்! அவள் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எண்பது பேர் கையில் நரம்பு தேடுகிற கண், அதற்கு எது தப்பும்?

"என்ன மறைக்கிறீங்க?"

அன்றைக்கும் அவர் பூசி மெழுகினார். மறுநாள் காலை அவள் வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். படகு நேரம், ஓட்டை, முதலாளி, மண்கோப்பை, அக்கா, முப்பாட்டன் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். அவள் கையை நிறுத்தவில்லை. காலர், தோள், இடது கை, வலது கை என்று தேய்த்து முடித்து, பிளக்கைப் பிடுங்கி, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இத எப்ப எழுதினீங்க?"

படகு நேரம் மாறியபோது என்றார். அது எப்போது என்றாள். அவர் உள்ளே போய், அலுவலகக் கோப்பில் வைத்திருந்த முதல் தாளைத் தேடி எடுத்து வந்தார். எல்லாவற்றிலும் ஒரு பிரதி வைத்திருப்பது அவர் வழக்கம். அடியில் பொடி எழுத்தில் அச்சான மாதமும் வருடமும் இருந்தன. அவள் அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து கப்பல் கம்பெனியின் கடிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அதே மாதம், அதே வருடம்.

அவர் திருதிருவென்று விழித்தார். ஓட்டையை அடைக்கத்தான் எழுதினேன், வேறொன்றும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பத்தொன்பது வருடமாகத் தனக்கே சொல்லிக்கொண்டதும் அதுதான்.

"ஓட்டைய அடைக்கணும்னா நீச்சல்னு எழுதியிருக்கலாமே?"

எந்த வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் உண்டு. படகு ஏன் தாமதம், மழை ஏன் பெய்தது, அறையில் பல்லி ஏன் இருந்தது, எல்லாவற்றுக்கும் உண்டு. இப்போது மேசையில் கிடந்த இரண்டு தாள்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதை எழுதிய நாளின் காலை அப்படியே கண்முன் வந்தது. கடிதம் வந்த மறுநாள். அவள் போனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். என்னவோ சொல்ல நினைத்தார். ஒன்றும் வராமல் ஆபீசுக்குப் போய்விட்டார்.

"அன்னிக்கு உன்கிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

"ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் குடுத்திருக்கீங்க. என்கிட்ட மட்டும் சொல்லல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். அவள் கோட்டை ஹேங்கரில் மாட்டிவிட்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய தாளை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்தாள். படித்துவிட்டு, படகில் இரண்டு டிக்கெட் போடச் சொன்னாள். அவர் நம்பாமல் பார்த்தார். யார் எழுதினால் என்ன, அண்ணனுக்குத்தானே எழுதியிருக்கிறது என்றாள்.

ஒன்றுதான் இடித்தது. அங்கே கோப்பையில் பழமதுதான் ஊற்றுவார்கள். மச்சான் குடிக்க மாட்டார். விடுதிக்காரரிடம் பேசிவிடலாம் என்று அவர் சட்டைப்பையில் கைபேசியைத் தேடினார். அது உள்ளே சார்ஜில் இருந்தது. அவள் கூடத்து மூலையைக் காட்டினாள். அந்த போனிலிருந்து யாரும் யாரையும் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. அவர் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

மது வேண்டாம், உப்புப் போட்ட எலுமிச்சை சோடா வேண்டும் என்று சொன்னதும் விடுதிக்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "சார், இது பரம்பரை பரம்பரையா வர்ற வழக்கம். நம்ம இஷ்டத்துக்கு மாத்துனா நல்லா இருக்காது" என்றார். அவருடைய அக்கா இதற்குச் சம்மதிக்கவே மாட்டாராம். பரம்பரையை ஒரு முற்பகலில் எழுதிய மனிதர், அதிலிருந்து ஒரே ஒரு வரியை மாற்றித்தரும்படி கால் மணி நேரம் கெஞ்சினார். நான்தானே எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். அதை மட்டும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"எங்க வீட்டு ஆளுக்குங்க" என்றார் கடைசியில். "என் மச்சான். கப்பல்ல சமையல்காரரா இருந்தாரு."

அக்காவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, நோட்டில் எழுத வேண்டும், பெயர் என்ன என்று கேட்டார் விடுதிக்காரர். அவர் வாயைத் திறந்தார். பிறகு ரிசீவரை மனைவியிடம் நீட்டினார்.

அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடி, அண்ணனின் பெயரை ஒரு முறை சத்தமாகச் சொன்னாள். விடுதிக்காரர் எழுதிக்கொண்டு, சோடாவுக்கு ஐஸ் போடலாமா என்று விசாரித்தார்.

"வேணாங்க" என்றாள். "அண்ணனுக்குப் பல் கூசும்."