அத்தானின் எதிரொலி வைத்தியம்

அத்தானுக்கு, அதாவது என் அக்கா புருஷனுக்கு, லேத் பட்டறையில் வேலை. பகலெல்லாம் இரும்புச் சத்தம் என்பதால், வீட்டிலாவது பாட்டுச் சுத்தமாகக் கேட்க வேண்டுமாம். ஸ்டீரியோ வாங்கினார். ஹாலில் கை தட்டினால் சுவரும் திருப்பித் தட்டியது.

அத்தானுக்கு எதிலும் குரங்குப்பிடி. ஜன்னலுக்குத் தடித்த திரை, தரைக்குக் கம்பளம், மூலைக்குப் புத்தக அலமாரி. அக்காவின் கல்யாணப் பட்டுகூடச் சுவரேறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இப்பத்தான் சரியா இருக்கு" என்றார். அப்போது எங்கள் அம்மா, கனத்த உடம்பு, சோபாவில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள்.

அம்மா என் வீட்டுக்குத் திரும்பினாள். அத்தானின் ஹாலுக்கு எதிரொலியும் திரும்பியது. அத்தான் சோபாவில் ஆள் உயரத்துக்குத் தலையணை அடுக்கிப் பார்த்தார். பலிக்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அத்தை, நீங்க இல்லாம ஹாலே நல்லா இல்ல. எப்ப வர்றீங்க?"

அக்கா உருகிப்போனாள். "பெத்த பிள்ளை நீ, ஒருநாளாவது இப்படிக் கேட்டிருக்கியா?" என்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

அம்மாவை நானே கொண்டுபோய் விட்டேன். அத்தான் வாசலிலேயே அவளை மேலும் கீழும் பார்த்துப் பதறினார்.

"என்ன அத்தை, இப்படி இளைச்சுட்டீங்க?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.