கொரியக் கழகமும் நான் விழுங்கிய பந்தியும்

நான் ஒரு பொய்யன். சாதாரணப் பொய்யன் அல்லன். கொரியாவின் உதைபந்தாட்ட வரலாற்றிலேயே கைவைத்த பொய்யன். அந்த நாட்டுத் தொழில்முறைக் கழகம் ஒன்றின் கதையை மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் வாசித்தபோது, அதன் கடைசிப் பந்தியை விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் என் சொந்தச் சரக்கை வைத்தேன். அதனால் சூசை அண்ணையின் கழகம் அவர் கையை விட்டுப் போனது.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் முகத்தைச் சுளிக்கலாம். ஆனால் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்...

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்தக் காலத்துச் சுவிஸில் நான்கு தமிழர் கூடினால் ஒரு கழகம் பிறக்கும். ஐந்தாமவர் வந்து சேர்ந்தால் அது இரண்டாகும். லுசேர்னுக்குப் பக்கத்திலுள்ள எம்மன்புரூக்கேயில் பிறந்த கழகம் மட்டும் உடையாமல் இருந்தது. காரணம் சூசை அண்ணை. பகலில் இரும்பாலையில் வேலை. மன்னார்க் கரையிலுள்ள தன் கிராமத்தின் பெயரைக் கழகத்துக்குச் சூட்டியிருந்தார். பெடியளின் சட்டைகளை வீட்டில் தோய்ப்பதும் அவர்தான், மைதானத்துக்குக் கோடு போடுவதும் அவர்தான்.

ஆனால் அவருக்குப் பந்து முக்கியமில்லை என்பதை நான் சீக்கிரமே கண்டுபிடித்தேன். கோல் விழும்போதுகூட அவர் மைதானத்தைப் பார்ப்பதில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற சனத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய, அந்தக் கிராமத்தின் எஞ்சிய குடும்பங்கள் எல்லாம் அங்கே வரும். சோற்றுப் பெட்டி, சுடுதண்ணிப் போத்தல், தள்ளுவண்டியில் குழந்தை. யாருக்கு வேலை போனது, யாருக்கு விசா கிடைத்தது, யாருடைய தம்பி கொழும்பில் பிடிபட்டான் என்பதெல்லாம் மூலைக் கொடிக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில்தான் கதைக்கப்படும். அந்தச் சனந்தான் அவருக்குக் கழகம். மற்றப் பதினொரு பேரும் அதற்கு ஒரு சாட்டு.

நான் யார்? கழகத்தின் செயலாளர், கூடவே இரண்டாவது கோல் கீப்பர். முதலாவது கோல் கீப்பருக்குக் காய்ச்சல்கூட வருவதில்லை. ஆகவே எனது விளையாட்டு வாழ்க்கை பெரும்பாலும் மைதான ஓரத்து வாங்கில் குந்தியபடி நடந்தது.

கல்யாணம் முடித்ததும் ஊஸ்டருக்கு மாறினேன். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் மனைவிக்குப் பராமரிப்பு வேலை. எனக்கு அதே இல்லத்தின் சமையலறை. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஊஸ்டரிலிருந்து சூரிச், சூரிச்சிலிருந்து லுசேர்ன், அங்கிருந்து பேருந்து. போய் வாங்கில் இருந்துவிட்டு அதே வழியால் திரும்புவேன்.

"அவங்களுக்குக் கால் உளையுது. உங்களுக்கு என்னத்துக்கப்பா உளையுது?" என்று மனைவி பத்மா கேட்பாள்.

கழகத்தை ஊஸ்டருக்குக் கொண்டுவந்தால் என்ன? என் யோசனைதான். நியாயமான காரணங்களும் இருந்தன. சுயநலத்துக்கு எப்போதும் நியாயமான காரணங்கள் கிடைக்கும். பெடியள் வேலை தேடிச் சூரிச் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஊஸ்டர் நகரசபை நல்ல மைதானம் தரச் சம்மதித்திருந்தது. சூசை அண்ணையிடம் போய்ச் சொன்னேன்.

"ஊரை ஒருக்கா விட்டாச்சு மாஸ்ரர். இப்ப கழகத்தையும் ரயிலில ஏத்தச் சொல்லுறீரோ?"

"விளையாடப் பெடியள் இல்லை அண்ணை. எல்லாரும் அந்தப் பக்கம் போட்டாங்கள்."

"பெடியள் எங்கையிருந்தாலும் பந்துக்கு வருவாங்கள். சனம் வருமோ? குழந்தைப் பிள்ளையளோட அவ்வளவு தூரம் என்னெண்டு வாறது?"

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. எங்கள் முதியோர் இல்லத்தின் வரவேற்பறையில் பழைய சஞ்சிகைகள் கிடக்கும். உலகக் கிண்ணப் போட்டியைக் கொரியாவும் யப்பானும் சேர்ந்து நடத்தப்போகின்றன என்று அறிவித்திருந்த காலம் அது. டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், வந்த ஒரு விளையாட்டுச் சஞ்சிகை, கொரியக் கழகம் ஒன்றின் வரலாற்றைப் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தது.

அப்பா, என்ன கதை அது! அந்தக் கழகம் பிறக்கும்போது அதற்கு ஊரே இல்லை. ஒரு கம்பனிதான் தாயும் தகப்பனும். சட்டையிலும் கம்பனியின் பெயர். இன்றைக்கு ஒரு நகரத்தில் விளையாட்டு, அடுத்த கிழமை இன்னொரு நகரத்தில்... கூத்துக்கட்சி மாதிரி அலைச்சல். பிறகு தலைநகரத்தில் நிலைகொண்டது. சனம் சேர்ந்தது. கிண்ணங்கள் வென்றது. இனி யார் அசைக்கலாம் என்றிருந்தபோது மேலிடத்து உத்தரவு வந்தது. தலைநகரத்தில் கழகங்கள் குவிந்து கிடக்கக் கூடாதாம். விளையாட்டு மாகாணங்களுக்கும் பரவவேண்டுமாம். வென்ற கிண்ணங்களை மூட்டை கட்டிக்கொண்டு, கழகம் வேறொரு நகரத்துக்குப் போனது.

பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. பூமியின் மறுபக்கத்தில் எங்களைப்போல ஒரு கழகம்!

பிறகு கடைசிப் பந்தி வந்தது.

பழைய நகரத்தில் எஞ்சிய சனத்தைப் பற்றிய பந்தி. அவர்கள் கழகத்தின் பின்னால் போகவில்லை. சஞ்சிகைக்காரர் ஒரு தையற்காரரைக் கண்டுபிடித்திருந்தார். போட்டி நாட்களில் அந்த மனிதர் கடையைச் சாத்திவிட்டு, பழைய மைதானத்தின் பூட்டிய வாசலடிக்குப் போவாராம். சற்று நேரம் நிற்பாராம். வீடு திரும்புவாராம். புதிய நகரத்துக்கு ஏன் போவதில்லை என்று கேட்டதற்கு, அது வேறு ஊர்க்காரரின் கழகம் என்று சொன்னாராம்.

சஞ்சிகையைச் சமையலறைப் பையில் வைத்தேன். அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்களா? உண்மையாகச் சொல்கிறேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைத்தான் நினைத்தேன்.

இங்கே உங்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் கூட்டத்தில் டொச் ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனாலேயே மாஸ்ரர் என்ற பட்டம்; ஒருநாளும் நான் படிப்பித்ததில்லை. பள்ளிக்கூடத்துக் கடிதமோ பொலிஸ் தண்டப் பத்திரமோ, எதுவானாலும் என் கையில் வரும். நான் டொச்சைக் கண்ணால் பார்த்துத் தமிழை வாயால் வாசிப்பேன். கெட்ட செய்தியையும் மென்று சொல்லமாட்டேன். ஒருவனுடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதத்தை, அவன் மனைவி பக்கத்தில் நிற்க, முற்றுப்புள்ளிவரை வாசித்திருக்கிறேன். அவன் அழுதான். நான் நிறுத்தவில்லை. மாஸ்ரர் ஒன்றையும் விடமாட்டார் என்ற பெயர் எனக்கு அப்படித்தான் வந்தது. கூட்டத்தில் நான் ஒரு தாளைக் கையில் எடுத்தால் அது கோயில் வாசகத்துக்கு அடுத்தபடி.

கோயில் மண்டபத்தில் பொதுக்கூட்டம். நான் சஞ்சிகையை விரித்தேன்.

கொரியாவை அவர்களுக்குக் காட்டினேன். ஊரில்லாத பிறப்பு, அலைச்சல், கிண்ணங்கள், உத்தரவு. மண்டபம் அசையாமல் கேட்டது. எங்கள் அணியின் இடதுபுற ஆட்டக்காரன் றெஜி மட்டும் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தான்.

"கொரியாக்காரன் தலைகீழா நிண்டால் நாங்களும் நிக்கிறதோ மாஸ்ரர்?"

"நீ நேராய் நிண்டே ஒரு கோல் அடிக்கேல்லை. தலைகீழாய் நிண்டு பாரன்," என்றார் யாரோ. சிரிப்பு.

சூசை அண்ணை சிரிக்கவில்லை. கையை உயர்த்தினார்.

"அந்தப் பழைய நகரத்துச் சனம் என்ன செய்தது? அதைப்பற்றி எழுதியிருக்கோ?"

கேட்டீர்களா? மண்டபத்தில் எத்தனையோ பேர் இருக்க, அந்த மனிதர் கேட்ட கேள்வியைப் பார்த்தீர்களா? அந்தப் பந்தி என் பெருவிரலுக்குக் கீழே கிடந்தது. தையற்காரர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"எழுதியிருக்கு அண்ணை," என்றேன். கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவில்லை; வாசிப்பவனின் குரலையும் மாற்றவில்லை. "போட்டி நாளில பழைய நகரத்துச் சனம் கூட்டம் கூட்டமாய் ரயிலேறிப் போகினமாம். முந்தியிலும் பார்க்கக் கூடச் சனமாம்."

"உண்மையாவோ?"

"அச்சில கிடக்கு."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு சனத்தைப் பார்த்தார், மைதானத்தில் பார்ப்பதுபோலவே. "அப்ப சரி. அந்தச் சனம் போகுமெண்டால் எங்கட சனமும் போகும்" என்றார். வாக்கெடுப்பில் முதலில் உயர்ந்தது அவருடைய கை.

அவருடன் நேராக வாதாடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாதாடினால் தோற்றிருப்பேன். அவர் கேட்டது சரியான கேள்வி, என்னிடம் இருந்ததோ பிழையான பதில். அப்படியான வேளையில் வாதத்தைவிட மொழிபெயர்ப்பு சிறந்தது.

முதல் ஞாயிறு, ரயில் பெட்டி நிறைய வந்தார்கள். ஊஸ்டர் நிலையமே திகைத்துப்போனது. எனக்கு வீட்டிலிருந்து நடைதூரம். குளித்துச் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் போனேன். பிறகு மழை. பிறகு யாருக்கோ காய்ச்சல், யாருக்கோ ஞாயிறு வேலை, ரயில் கட்டணம், தள்ளுவண்டியோடு படிக்கட்டு. இலையுதிர் காலம் வந்தபோது எம்மன்புரூக்கேயிலிருந்து சூசை அண்ணையும் அவர் மனைவியும் மட்டும் இறங்கினார்கள். கொஞ்ச நாளில் அவர் மட்டும்.

ஒருநாள் விளையாட்டு முடிந்து அவரை ரயிலேற்றப் போனேன். ரயில் மேடையில் நின்றபடி கேட்டார்.

"கொரியாவில இப்பவும் போகினமோ மாஸ்ரர்?"

"ஓம் அண்ணை."

முதற்பொய் நீளமானது, அலங்காரமானது. இரண்டாவது ஒரேயொரு சொல். ஆனால் என்னை அழுத்துவது அந்த ஒரு சொல்தான்.

"அப்ப எங்கட சனத்திலதான் பிழை," என்றார். ரயில் வந்தது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. எம்மன்புரூக்கேக் குடும்பங்கள் ஞாயிறுகளில் எங்கே கூடுகின்றன என்று றெஜியிடம் விசாரித்தேன். எங்கேயும் இல்லை, செத்தவீடு வந்தால் கண்டுகொள்வோம் என்றான்.

இப்போது என் பக்கத்தைக் கேளுங்கள். கழகம் சாகவில்லை! ஊஸ்டரில் அது தழைத்தது. தமிழர் சுற்றுப்போட்டியில் கிண்ணம் எடுத்தோம். சிறுவர் அணிகூட வந்தது. எம்மன்புரூக்கேயிலேயே கிடந்திருந்தால், பதினொரு பேர் சேராமல் அது ஒரு பனிகாலத்தோடு மூச்சை விட்டிருக்கும். நான் பொய் சொல்லாவிட்டால் கழகமும் இல்லை, சனமும் இல்லை. பொய் சொன்னேன், கழகமாவது மிஞ்சியது. எங்கே பிழை? காட்டுங்கள்...

இந்த வாதத்தில் நான் ஒருபோதும் தோற்பதில்லை. ஆனால் வென்றவன் ஏன் அடுத்த நாளும் அதே வழக்கை முதலிலிருந்து வாதாடவேண்டியிருக்கிறது?

அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் ஒரு தொலைபேசி. சூசை அண்ணையின் மகள் மெரீனா. குரலில் எரிச்சல்.

"அங்கிள், அப்பா லுசேர்ன் ஆஸ்பத்திரியில. டொக்டர் இண்டைக்குக் கதைக்கப் போறார். நீங்கள் வந்து மொழிபெயர்க்க வேணுமாம்."

"நீர் இருக்கிறீர்தானே பிள்ளை? உம்மட டொச் என்னுடையதைவிடத் திறம்."

"அதை அவரிட்டச் சொல்லுங்கோ."

போனேன். அதே ரயில்கள். கட்டிலில் அவர் பாதியாகச் சுருங்கியிருந்தார். என்னைக் கண்டதும் மகளைப் பார்த்துச் சொன்னார்: "இவள் நல்லாக் கதைப்பாள். ஆனால் எனக்கு நோகுமெண்டு பாதியை விட்டிடுவாள். மாஸ்ரர் ஒண்டும் விடமாட்டார்."

வைத்தியர் வந்தார். நிதானமான மனிதர், ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு எனக்காக நிறுத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே தொடங்கியது, எதுவரை பரவிவிட்டது, மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது. "எவ்வளவு காலமெண்டு கேளும்" என்றார் சூசை அண்ணை. கேட்டேன். வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். கூட்டவில்லை. குறைக்கவில்லை.

வைத்தியரை வழியனுப்ப மெரீனா வெளியே போனாள். நாங்கள் இருவர் மட்டும். அவர் கண்ணை மூடியிருந்தார்.

"கழகம் எப்பிடி?"

"நல்லாயிருக்கு அண்ணை."

"அது காணும். எனக்கு அது போதும்."

அப்போது சொல்லியிருக்கலாம். சாகப்போகிறவரின் நெஞ்சில் என் மூட்டையை இறக்கி வைப்பது ஒப்புதல் ஆகாது, சுமட்டுக்கூலிக்கு ஆள் பிடிப்பது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நல்ல வசனம். கோழைகளிடம் நல்ல வசனங்கள் எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

மெரீனா என்னோடு லிஃப்ட் வரைக்கும் வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. பொத்தானை அழுத்திவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"கொஞ்சம் குறைச்சுச் சொல்லியிருக்கலாம் அங்கிள். உங்களுக்கு அப்பிடிச் சொல்லத் தெரியாதோ?"

"தெரியாது பிள்ளை," என்றேன்.

கதவு திறந்தது. நான் உள்ளே போனேன்.