பாலம் பார்க்க வந்தேன்

ஊரில் எல்லாரும் அவளை ஃபாரின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதில்லை, அது வேறு விஷயம். இருபது வருஷமாக டிராவல்ஸ் ஆபீசில் டைப்பிஸ்ட். டிக்கெட்டோடு கொடுக்கும் 'பயணிகள் கவனத்திற்கு' என்ற தாள் அவள் கைவண்ணம்.

கத்திரிக்கோலை எந்தப் பெட்டியில் வைப்பது, படிவத்தை எந்த மையில் நிரப்புவது என்று முதலாளி சொன்னது எட்டே குறிப்புகள். தாளின் அடியில் இரண்டு விரல் அகலம் காலியாக நின்றது. அக்காவுக்கோ காலி இடத்தைக் கண்டாலே ஆகாது. எதிரே காலண்டரில், ஊர்க்காரர்கள் வழக்கமாகப் போகும் வெளிநாட்டின் இரும்புப் பாலம் தொங்கியது. விடுவாளா? '9. ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், உங்கள் பாலத்தைப் பார்க்க என்று சொல்லவும். அதிகாரிகள் மனம் குளிர்வார்கள்' என்று அடித்துவிட்டாள். முதலாளி படித்துப் பார்க்கவில்லை. அந்த மனுஷன் எதைத்தான் படித்தார்?

"அக்கா, பாலம்னு சொன்னேன், டக்குனு முத்திரை குத்திட்டான்!" என்று போய்வந்தவர்கள் சொல்லச் சொல்ல, அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியில் அவளே கிளம்பும்படி ஆனது. அதே நாட்டில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம், இன்னும் நாலே நாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வர முடியாது. உதவிக்கு வேறு நாதியில்லை.

அங்கே இறங்கியதும் விமான நிலையக் கவுன்டரில், ஏன் வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் நின்றாள். அக்காவுக்குத் தன் புளுகு தன் வாயிலேயே வரவில்லை.

"பொண்ணுக்குப் பிரசவம்மா. நான் போனாதான் உண்டு."

அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க ஊர்லேருந்து வர்ற எல்லாரும் பாலம் பார்க்கத்தானே வருவாங்க? நீங்க மட்டும் ஏன் வேற சொல்றீங்கன்னு கேக்கறார்" என்றாள் அந்தப் பெண்.

அதிகாரி இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் போட்டார். ஐயோ, அவள் அடித்த அதே தாள்! ஒன்பதாவது குறிப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"அந்தப் பாலத்தை இடிச்சுப் பத்து வருஷம் ஆச்சாம். இதை எழுதினது யாருன்னு தெரியுமாங்கறார்."

முதலாளி தலையில் கட்டிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மகள் தனியாகக் கிடப்பாளே என்ற நடுக்கத்தில் பொய் எதுவும் ஓடவில்லை.

"நான்தாம்மா. பேப்பர்ல எடம் காலியா இருந்துச்சு."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். அதிகாரி பக்கத்துக் கவுன்டர்க்காரர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். நாலு பேர் வந்து அவளைச் சுற்றி நின்று பார்த்தார்கள். போச்சு, திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று அக்கா பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அழுகை முட்டியது.

டப்பென்று முத்திரை விழுந்தது.

"உங்க ஊர்லேருந்து வந்ததுல உண்மையைச் சொன்ன மொத ஆள் நீங்கதானாம்."

வெளியே மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். அக்கா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"ஏம்மா இவ்ளோ நேரம்?" என்று மகள் கடிந்துகொண்டாள். "பேசாம பாலம்னு சொல்ல வேண்டியதுதானே? நான் வந்தப்ப அதைத்தான் சொன்னேன்!"