புளி கீறிய படங்கள்

அண்ணை காணாமற்போய் எட்டு மாதமாகியிருந்தது. சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த நேரம். பட்டணத்தில் வகுப்பென்று காலை பஸ் ஏறிப் போனவர் பின்னேர பஸ்ஸில் வரவில்லை. அதற்குப் பிறகு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேலை ஒன்றுதான்: அவருடைய படத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராகப் போவது. எங்கேயும் பெயரை எழுதிக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். எங்கள் ஊரான புளியங்கூடலுக்குத் திரும்பி வந்ததும் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துவிடுவார்.

சமாதான காலத்தில் சித்தப்பா அனுப்பிய காசில் வாங்கிய கொம்பியூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் அண்ணை ஒரு பழைய விளையாட்டை வைத்திருந்தார். ரிவியில் பூட்டி விளையாடும் பெட்டிக்காக நான் பிறக்க முன்பே யப்பானில் செய்தது. வாளோடு ஒருவன் ஊர் ஊராகப் போவான். படமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். எது மரம், எது மாடு என்று அண்ணை சொன்னால்தான் உண்டு.

அந்தப் படங்களை அழகாக்குவதற்கென்றே உலகத்தில் சிலர் இருந்தார்கள். பிறேசிலில் ஒருவர், போலந்தில் ஒருவர் என்று ஆளுக்கொரு மூலையிலிருந்து, ஒரு சதம் கூலியில்லாமல், புள்ளி புள்ளியாகத் திரும்பக் கீறுவார்கள். கீறியதை ஒரு சின்னக் கோப்பாக்கி விளையாட்டின்மேல் ஒட்டிவிட்டால் பழைய படம் மறைந்து புதுப் படம் வரும். அண்ணையும் அவர்களில் ஒருவர். அங்கே அவருக்குப் பெயர் புளி. ஊர்ப் பெயரை முழுதாகச் சொல்ல அவர்களால் ஏலாது என்று பாதியில் வெட்டிவிட்டாராம். சந்தையில் மீன் விற்கிற கிழவியின் முகத்தை மட்டும் ஒரு கிழமை முழுக்கக் கீறினார்.

"பக்கத்து வீட்டு மாமி மாதிரிக் கிடக்கு" என்றேன்.

"மாமிக்குச் சொல்லிப்போடாதை" என்றார்.

விளையாட்டில் பாதிப் படங்கள் கீறி முடிந்திருந்தபோதுதான் அவர் காணாமற்போனார்.

ஒரு பின்னேரம் அவரோடு படித்தவர் ஒருவர் சைக்கிளில் வந்து, படலையடியில் வைத்து என்னிடம் ஒரு சீடியைத் தந்தார். "அவரோடை படம் கீறின ஆக்களுக்கு நான் எழுதிப்போட்டனான். மிச்சத்தை அவையள் முடிச்சிட்டினம். உங்களிட்டைத் தரோணும் போல இருந்தது" என்றார். உள்ளே வரச் சொன்ன அக்காவின் முகத்தைப் பாராமலே, நேரம் போய்விட்டதென்று திரும்பினார்.

கரண்ட் வந்ததும் போட்டுப் பார்த்தேன். ஒட்டுகிற விதத்தை அண்ணை எனக்குக் காட்டித் தந்திருந்தார். கடல் கடலாகவே இருந்தது. கத்திக் கூப்பிட்டதில் அம்மா எழும்பி வந்தார்.

"இதெல்லாம் பிள்ளை கீறினதோ?"

"பாதி அண்ணை. மிச்சம் மற்ற ஆக்கள்."

"அவன் வந்து முடிச்சிருப்பான்தானே" என்று அம்மா திரும்பப் போனார். அவரை மறிக்க வேண்டும் போலிருந்தது. முதல் திரையில் ஓர் ஆங்கில வரியில் புளி என்று அண்ணையின் பெயர் தனியாக இருந்ததைக் காட்டினேன்.

"என்ன எழுதிக் கிடக்கு?"

வகுப்பில் ஆங்கிலத்துக்கு நான்தான் முதலாம் பிள்ளை. யோசிக்காமல் சொன்னேன்: "புளியின்ர ஞாபகமா எண்டு போட்டிருக்கினம். அவையள் அண்ணையை மறக்கேல்லை, அம்மா."

அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். "கண்காணாத சனத்துக்கு என்ர பிள்ளையை ஞாபகம் கிடக்கு. இஞ்சை ஒவ்வொரு முறையும் ஆரெண்டு கேக்கினம்" என்றார். எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, "திரும்ப ஒருக்கா வாசி பிள்ளை" என்றார். அப்பா நின்று கேட்டார். அக்கா குசினிக்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கந்தோருக்குப் போய் வருகிற நாட்களிலெல்லாம் அம்மா அந்த வரியை வாசிக்கச் சொல்வார். வாசித்து முடியும்வரை அக்கா அந்த அறைக்குள் வரமாட்டார். ஒருநாள் அவரிடம் கேட்டேன், "நான் சொல்லுறது சரிதானே அக்கா?"

"ஓம், சரி" என்றார்.

ஆங்கிலத்தில் ‘இன் மெமரி ஒவ்’ என்றொரு வரியை இறந்துபோனவர்களுக்குத்தான் எழுதுவார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரியுமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.